ஒரு பிளக் கேட்டு ஒரு மடல்

குடிமைப் பாதுகாப்பு அதிகாரிகள் அவர்களுக்கு,

வணக்கம். குண்டுவீச்சின்போது மக்கள் ஒதுங்கும் நிலவறைத் தங்குமிடங்களில் போடும் நாடகம் ‘கேளிக்கை’, அதற்கு ஜெனரேட்டர் மின்சாரம் கிடையாது, வேண்டுமானால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்ளலாம் என்ற தங்கள் சுற்றறிக்கை கிடைத்தது.

மெழுகுவர்த்தியையே முதலில் பேசுவோம். காற்றோட்டம் குறைந்த அறையில் ஏற்கெனவே நூறு பேர் மூச்சுவிடுகிறார்கள். இருபது திரிகளும் எரிந்தால் புழுக்கமும் கரிப்புகையும் சேர்ந்து பிள்ளைகள் இருமத் தொடங்கிவிடுவார்கள். மூன்றாம் வரிசைக்கு அப்பால் நடிகர் முகம் தெரியாது. முகம் தெரியாவிட்டால் சிரிப்பு வராது. சைரன் கேட்டு எல்லோரும் எழும்போது முதலில் சாய்வது மெழுகுவர்த்தி, அடுத்துப் பற்றுவது போர்வை. போஸ்னியத் தலைநகர் சாராயேவோவில் 1993இல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடித்தார்களே என்பீர்கள். அங்கே முற்றுகையில் மின்சாரமே இல்லை. இங்கே பக்கத்து அறையில் ஜெனரேட்டர் ஓடுகிறது.

நாங்கள் கேட்பது பேட்டரி சார்ஜ் செய்ய ஒரு பிளக். 50 வாட் எல்இடி விளக்கு இரண்டு, ஒன்றேகால் மணி நேரம்: 125 வாட்-மணி. 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் கால்வாசிக்குச் சற்றே கூடுதல். விளக்கும் 12 வோல்ட் என்பதால் இன்வெர்ட்டர் வேண்டாம். 5 ஆம்பியர் சார்ஜரில் சுமார் மூன்று மணி நேரம். சார்ஜ் ஆகும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் ஆட்கள் படுக்கும் இடத்தில் அல்ல, காற்றோட்டமுள்ள ஜெனரேட்டர் அறையிலேயே. 1,500 வாட் தேநீர்க் கெட்டில் ஐந்து நிமிடம் கொதித்தாலும் இதே 125 வாட்-மணிதான். அலுவலகக் கெட்டில்கள் எந்தப் பட்டியலில் இருக்கின்றனவோ, அந்தப் பட்டியலில் எங்களையும் சேர்த்துவிடுங்கள்.

விளையாட்டாக நடத்தவில்லை. சைரனில் அறுபட்டாலும் கதை தொடர, காட்சிகளைப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டியிருக்கிறோம். பெரிய முரசு இல்லை. அதன் அதிர்வு தரைவழியே ஏறினால் குண்டு விழுந்ததுபோலவே இருக்கும். விளக்கை அணைத்துக் காட்சி மாற்றுவதும் இல்லை. பெரியவர்களுக்கு அது நாடக உத்தி. பிள்ளைகளுக்கு அது நேற்றைய இரவு.

ஜெர்மானியர் முற்றுகையிட்டிருந்த சோவியத் நகரம் லெனின்கிராட்டில் 1942 ஆகஸ்ட் 9 அன்று இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்பொனி குலையாமல் ஒலிக்க, எதிரியின் பீரங்கிகளை வாயடைக்கச் செய்யுமாறு சோவியத் படைத்தலைமையே குண்டு பொழிய உத்தரவிட்டது. நாங்கள் பீரங்கி கேட்கவில்லை.

‘மனம் தளராதீர்’ சுவரொட்டி அச்சடிக்க மையும் காகிதமும் அத்தியாவசியமாம். தளர்ந்த மனத்தைச் சிரிக்கவைப்பது கேளிக்கையாம். போகட்டும், மன்னிக்கவும். சுற்றறிக்கையைத் திருத்தி, தங்குமிடத்துக்கு ஒரு பிளக், நாளுக்கு மூன்று மணி நேரம் அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நிலவறை நாடகக் குழுவினர்