துருவ ஒளி: படம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

துருவங்களை ஒட்டிய இரவு வானில் தெரியும் துருவ ஒளி பற்றிச் செய்தி போடும்போதெல்லாம் பச்சை வானப் படம் பெரிதாக வருகிறது, அதோடு சேர்ந்து ஓடும் லட்சக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவ்வளவு உயரத்தில் அம்மீட்டரை எங்கே மாட்டுவது? அங்கேதான் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 நவம்பரில் ஏவிய ஸ்வார்ம் செயற்கைக்கோள்கள் வருகின்றன. மூன்றில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் பறந்து காந்தப்புலத்தை அளக்கின்றன. பூமியின் சொந்தப் புலமான சுமார் 50,000 நானோடெஸ்லாவை (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) கழித்தால் மிஞ்சுகிற சில நூறுதான் மின்னோட்டத்தின் தடயம், அது இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று பார்த்து மின்னோட்டத்தையும் அது உண்டாக்கும் காந்தப்புலத்தையும் இணைக்கும் ஆம்பியர் விதிப்படி கணக்குப் போடுகிறார்கள். ஒற்றைச் செயற்கைக்கோள் என்றால் மின்னோட்டம் அகன்ற திரைபோல அசையாமல் நிற்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். பூமியின் காந்தப்புலம் கலங்கும் காந்தப் புயல் நேரத்தில் அதை எப்படி நம்புவது, அதனால் ஜோடியாகப் பறப்பதே நல்ல ஏற்பாடு என்பேன். (நார்வே இயற்பியலாளர் பிர்க்லாந்து 100 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மின்னோட்டங்களைச் சொல்லிவிட்டார், செயற்கைக்கோள் காலம் வரை பலர் ஏற்கவில்லை.)

1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் 9 மணி நேரம் மின்சாரமின்றிக் கிடந்ததும் காந்தப் புயலில் வலுத்த இந்த மின்னோட்டங்களின் வேலைதான். அடுத்த முறை படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை