பர்னாந்து வந்த கதை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று நீ போனில் கேட்டபோது அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அதான் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

உன் ஆபீசுக்குப் போர்ச்சுக்கலிலிருந்து புதிதாக வந்த லிஸ்பன்காரர், "பெர்னாந்தோ உன் பெயரா, குடும்பப் பெயரா?" என்று குழம்பினாராமே. அவர் கேட்டதில் தப்பில்லை. அவர்கள் ஊரில் பெர்னாந்தோ என்பது பிள்ளைக்கு வைக்கிற பெயர். பெர்னாந்தோவின் மகன் வழி என்றால் பெர்னாண்டஸ்; அதுதான் குடும்பப் பெயர். நம் கரையில் அந்தப் பிள்ளைப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது.

"அப்போ நமக்குப் போர்ச்சுக்கீசிய ரத்தமா?" என்று கேட்டாயே, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இல்லைடா. நாம் பரதவர், இந்தக் கடலில் முத்துக் குளித்தவர்கள். 1530களில் முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிக்கிற இடம், யார் கையில் என்று இங்கே பெரிய சண்டை. நம் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் சிலர் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டு, ஞானஸ்நானமும் வாங்கினார்கள். அவர்கள் பின்னால் ஊர் ஊராக ஆயிரக்கணக்கான பேர். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் என்கிற பாதிரியார் வந்து சேர்ந்தபோது, ஞானஸ்நானம் வாங்கியும் செபம் தெரியாமல் இருந்த இந்த ஜனத்துக்குத்தான் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானத்துக்குப் புதுப் பெயர் வேண்டும் அல்லவா? போர்ச்சுக்கீசியர் பெயர்களே கிடைத்தன. ஒரே தெருவில் கொரைரா, மச்சாது, ரொட்ரிகோ, வாஸ் எல்லாரும் இருப்பது அப்படித்தான். நான் பிறந்த மோத்தா வீடும் அதே கதைதான். இலங்கையில் மொறட்டுவையில் சிங்களம் பேசுகிற பெர்னாந்துகளுக்கும் அந்தக் காலத்துப் போர்ச்சுக்கீசியர் தொடர்புதான்.

உன் தாத்தாவின் ஞானஸ்நானச் சீட்டைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது. கோயிலில் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரின் சாய்ந்த கையெழுத்தில் 'பர்னாந்து' என்று இருக்கிறது. ரேஷன் கார்டில் பெர்னாண்டோ. வீட்டு வரி ரசீதில் பெர்ணான்டோ, மூன்று சுழி 'ண' போட்டு. எனக்குப் பிடித்தது உபதேசியார் எழுதியதுதான். வாய்க்கு வந்ததை எழுதினார், நம் பெயராகிவிட்டது.

இன்னொன்றும் அந்த லிஸ்பன்காரரிடம் சொல். பெர்னாந்தோ அவர்களுக்கும் இரவல்தான். ஐந்தாம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் வந்து ஆண்ட கோத்துகள் என்கிற ஜெர்மானியக் கூட்டத்தார் கொண்டுவந்த பெயர் அது. ஆக அவரும் வாங்கியவர், நாமும் வாங்கியவர்கள். மேசை, சாவி, ஜன்னல், அலமாரி என்று அவர்களிடம் வாங்கியதை எல்லாத் தமிழரும் வீட்டில் வைத்துக்கொண்டு, நம்மை மட்டும் "வெள்ளைக்காரன் பெயர்" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் நீ இதற்காக அழுதது எனக்கு மறக்கவில்லை.

சரி, ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா. டிக்கெட் போட்டாயா, இல்லையா? அதை மட்டும் சொல்லவே இல்லையே.

அன்புடன்,
அம்மா