கதவை விற்கும் முன் படிக்க வேண்டியது

காரைக்குடி

அன்புள்ள மெய்யப்பா,

நாங்கள் நலம். ஆச்சியின் முழங்கால் எப்படி இருக்கிறது? பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா? விசாரிப்பு முடிந்தது. இனித் திட்டு.

நேற்று பள்ளத்தூரில் ஒரு காதுகுத்து. திரும்பும்போது உங்கள் வீடு திறந்து கிடந்ததைப் பார்த்து உள்ளே போனேன். பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் இரண்டாம் கட்டு நிலைக்கதவை டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கிறார். கேட்டால், "அண்ணன்தான் பார்த்துவிட்டு விலை சொல்லச் சொன்னார்கள். ஏதோ பாட்டுப் பெட்டி வாங்க வேண்டுமாம்" என்கிறார். உன் ஐயா பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து இழைத்த கதவு, பாட்டுப் பெட்டிக்கு! வீட்டுக்கு எத்தனை புள்ளி (பங்குள்ள குடும்பம்), எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் உங்கள் பங்காளிகள் பேசிக்கொள்ளட்டும். நான் பெட்டியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதில் எனக்கு உரிமை உண்டு. அழகப்பா கல்லூரி விடுதியில் உன் டேப் ரெக்கார்டருக்குப் பெல்ட் மாற்றியவன் நான்.

நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். எண்களாக இருக்கும் பாட்டை மின்னழுத்தமாக மாற்றும் டாக், ஏணி முறையில், ஒன்று; அதை வாங்கி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ப்ரீஆம்ப்ளிஃபயர் ஒன்று; ஸ்பீக்கரை ஓட்டும் கிளாஸ் ஏ பவர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று. தனித்தனியே நல்ல பொருள்கள்தான். உன் வீட்டில், உன் ஸ்பீக்கரோடு சேர்த்துக் கட்டினால் சண்டை போடும்.

முதலில் அந்த ஏணி. மின்தடைகளைப் படிப்படியாக அடுக்கி எண்ணை மின்னழுத்தமாக மாற்றுகிற பழைய முறை. சிடியின் 16 பிட்டுக்கு 65,536 அளவுகள் வேண்டும். உச்சிப்படியின் மின்தடை ஏறத்தாழ 0.0015 சதவீதத்துக்கு மேல் பிசகினால் கடைசிப்படி இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு மின்தடையையும் பொறுக்கிச் சேர்க்க வேண்டும்; அந்தக் கூலியைத்தான் உன்னிடம் கேட்கிறார்கள். இன்று பெரும்பாலான டாக்குகளில் இருக்கும் டெல்டா சிக்மா சில்லின் (சிப்பின்) வழி வேறு. சில பிட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும். பிழையையெல்லாம் இரைச்சலாக்கிக் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணுக்குத் தள்ளிவிடும். ஏணிப் பெட்டியின் விலையில் சின்னப் பங்குக்குக் கிடைக்கும் பெட்டியே இன்று, இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே 115 டெசிபல் இடைவெளியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. சிடி தரும் இடைவெளியே சுமார் 96 டெசிபல்தான். சரி, நீ கேட்கப்போவது எதை? உன் சித்தப்பா சேர்த்த 78 சுழற்சித் தட்டுகளிலிருந்து எடுத்த ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தையும் காரைக்குடி சாம்பசிவ ஐயரின் வீணையையும். அந்த அரக்குத் தட்டில் 50 டெசிபல் தேறினாலே பெரிது. தட்டின் இரைச்சலை லட்ச ரூபாய்ப் பெட்டி மரியாதையாக அப்படியே கொண்டுவந்து கொடுக்கும்.

"அந்தச் சில்லுக்கு ஒரு குளிர்ச்சி, இந்தச் சில்லுக்கு ஒரு இனிமை" என்று தொலைபேசியில் சொன்னாய். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபேயோகாவில் ஏகேஎம் நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை எரிந்ததே, நினைவிருக்கிறதா? சில்லுத் தட்டுப்பாட்டில் டாக் செய்யும் பல நிறுவனங்கள் ஈஎஸ்எஸ் என்ற வேறு நிறுவனத்தின் சில்லுக்கு மாறின. ஒரு சில்லின் மென்மையைப் பாடியவர்களே அடுத்த சில்லின் தெளிவைப் பாடினார்கள். நானாக இருந்தால் சில்லின் பெயரைப் பார்க்க மாட்டேன். அதைச் சுற்றியுள்ள மின்வழங்கியையும் வெளியீட்டுச் சுற்றையும்தான் பார்ப்பேன்.

மதுரையிலிருந்து உன் மருமகன் இரண்டு டாக் கொண்டுவந்த அன்று என்ன நடந்தது? ஒன்றைக் கேட்டதுமே "பட்டு, பட்டு" என்றாய். அது 2.5 வோல்ட் தருகிறது, மற்றது 2 வோல்ட். வித்தியாசம் இரண்டு டெசிபலுக்குச் சற்றுக் குறைவு. கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதைக் காது "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். மல்டிமீட்டர் வைத்து இரண்டையும் சமப்படுத்தியபின் எது எதுவென்று சொல்ல முடியாமல் காப்பி குடிக்கப் போய்விட்டாய். மாப்பிள்ளை பாவம், சிரிப்பை அடக்கத் தெரியாமல் முற்றத்துக்கு ஓடினார்.

இனிச் சண்டையைச் சொல்கிறேன். பவர் ஆம்ப்ளிஃபயரின் பெருக்கம் 29 டெசிபல் என்று போட்டிருக்கிறது, அதாவது 28 மடங்கு. 1 வோல்ட் உள்ளே போனால் 28 வோல்ட் வெளியே வரும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 100 வாட். நீ பார்த்துவைத்த டாக்கோ சமநிலை (பேலன்ஸ்டு) வெளியீட்டில் 4 வோல்ட் தருகிறது. 12 டெசிபல் கூடுதல். நடுவில் இருக்கும் ப்ரீஆம்ப்ளிஃபயர் அதை இன்னும் ஏற்றும். குமிழை எட்டு மணி நிலையிலிருந்து நகர்த்தவே முடியாது. மலிவான குமிழ்களில் இடது வலது ஒத்துப்போகாத இடமும் அதுதான். டாக்கின் உள்ளேயே ஒலியைக் குறைக்கலாம் என்பாய். குறைக்கலாம். ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் ஒரு பிட் போகும், 24 பிட்டில் அது பெரிய இழப்பு இல்லை. ஆனால் பெட்டியின் சொந்த இரைச்சல் குறையாமல் அப்படியே நிற்கும்.

வால்வுப் பெட்டியில் வேறொரு வம்பு. அதன் வெளியீட்டில் 0.22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். நீ தேர்ந்தெடுத்த பவர் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்தடை 10 கிலோ ஓம். கணக்குப் போட்டுப் பார், 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயத் தொடங்கும். தவிலின் அடியில் இருக்கும் அந்தக் கனம் போய்விடும். "வால்வின் இனிமை" என்று நீ அதற்குப் பெயர் வைப்பாய் என்பதும் எனக்குத் தெரியும்.

சித்திரை வெயிலில் பள்ளத்தூரில் கிளாஸ் ஏ! பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு மின்சாரத்தையும் இழுத்து வெப்பமாகக் கக்கும் பெட்டி அது. ஆச்சி அதன்மேல் வடகம் காயப்போடுவார்கள்.

பெட்டியை வைக்கப்போகும் உன் பட்டாலை, அந்த நீளக் கூடம், என்ன சொல்கிறது என்று கேட்டாயா? ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக் கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், பெல்ஜியம் கண்ணாடி. கைதட்டினால் மூலைக்கு மூலை பதில் வரும். ஹார்வர்டில் சபைன் என்ற இயற்பியலாளர் 1890-களில் நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை விரிவுரைக் கூடத்துக்குத் தூக்கிவந்து, எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று ராத்திரியெல்லாம் அளந்தார். ஒலியை உறிஞ்சும் திறனுக்குத் திறந்த ஜன்னலையே அலகாக வைத்தார். வெளியே போன ஒலி திரும்பி வராதல்லவா? உங்கள் முற்றம் அப்படிப்பட்ட ஜன்னல்தான். ஸ்பீக்கரை முகப்புச் சுவருக்கு முதுகு காட்டி, முற்றத்தைப் பார்த்து வை. பவானி ஜமக்காளத்தை மட்டும் நம்பாதே, அது மெல்லிய துணி. கீச்சொலியைக் கொஞ்சம் பிடிக்கும், மற்றதை விட்டுவிடும். பரணில் கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கு. இதற்குச் செலவு ஒரு கூலியாள்.

ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. போன மாதம் காதுப் பரிசோதனை செய்துகொண்டேன். 4000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் கோடு சரிந்து இறங்குகிறது. வயதுதான், வேறொன்றும் இல்லை என்றார் மருத்துவர். நீயும் என் வயதுதான். அச்சகத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆயுளைக் கழித்தவன். எதற்கும் கதவுக்கு முன்பணம் வாங்குவதற்குள் ஒரு முறை போய்க் காட்டிவிட்டு வா. வீட்டில் பேசும்போது "என்ன, என்ன" என்று கேட்கிறாய் என்று ஆச்சியே என்னிடம் சொன்னார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

பணத்தில் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்குக் கொடு. ஒரு வாட்டுக்கு 88 டெசிபலுக்குக் குறையாததாகப் பார். ஆம்ப்ளிஃபயர் ஒரே பெட்டியாக, கிளாஸ் ஏ அளவுக்குச் சுடாத கிளாஸ் ஏபி, 8 ஓமில் 80 வாட், 4 ஓமில் அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தருவதாக இருக்கட்டும். 200 வாட்டுக்கு ஆசைப்படாதே. வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். டாக் 2 வோல்ட் தரும் சாதாரணப் பெட்டி போதும். கணினியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வந்தால் ஒளியிழைக் கம்பியால் இணைத்துவிடலாம், மின்தொடர்பே இருக்காது. இவ்வளவுக்கும் உன் வைப்புநிதி வட்டியே காணும். கடைக்காரருக்கு இன்றே போன் செய்.

பல்லவன் ரயிலில் வருவதானால் ஆம்ப்ளிஃபயரைத் தலைக்கு மேலே உள்ள தட்டில் வைக்காதே, காலடியில் வை. மல்டிமீட்டர் என்னிடம் இருக்கிறது. அதன் 9 வோல்ட் பாட்டரி தீர்ந்துவிட்டது, அதை மட்டும் வாங்கி வா.

அன்புடன்,
சந்தானம்