ஃப்ரீசரில் இருந்த ஒன்பது வருடங்கள்

ஓடைக்கரைத் தோழர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒன்பது வருடமாக ஓடையை அளந்து நாம் எழுதிவந்த நோட்டுகள் வெள்ளத்தில் நனைந்தன அல்லவா, நேற்று சாயங்காலம் அவற்றில் கடைசி நோட்டும் காய்ந்துவிட்டது. அதை வாங்கி வந்த கையோடு இதை எழுதுகிறேன். நாலு நாள் போனால் மனம் ஆறிவிடும், வார்த்தைகளை அளந்து போட ஆரம்பித்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

வெள்ளம் வந்த அந்த இரவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்ததும் கரையில் நின்றவர்கள் நீங்கள்தான். சேறு அள்ளியவர்கள், நாற்றங்காலில் மிஞ்சிய கன்றுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தவர்கள், கொட்டகைக்குத் தகரம் தந்தவர், பிள்ளைகளின் நுண்ணோக்கியை ராவெல்லாம் உட்கார்ந்து பிரித்துத் துடைத்தவர், நான் வாயடைத்து நின்றபோது ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றவர்கள், எல்லோருக்கும் என் நன்றி. ஒரே வரியில் அடுக்கிவிட்டதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒருவரைப் பற்றி விரிவாக எழுதியாக வேண்டும்.

பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கரையோரம் குடியிருக்கும் அம்மா. இந்த ஒன்பது வருடத்தில் எங்கள் சனிக்கிழமை நடைக்கோ மரம் நடும் நாளுக்கோ வந்ததில்லை. வணக்கம் சொன்னால் தலையசைப்பார், அவ்வளவுதான். ஓடைமேல் அக்கறை இல்லாதவர் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

மறுநாள் 14 நோட்டுகளையும் பிரித்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் இருந்து குரல் வந்தது: "வெயில்ல வைக்காதீங்க. ஒட்டின தாளைப் பிரிக்காதீங்க, கிழிஞ்சுடும். அப்படியே என்கிட்ட குடுங்க."

நூலகத்தில் புத்தகம் பைண்டு செய்யும் பிரிவில் வேலை பார்த்தவராம். நனைந்த தாளில் 2 நாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும், உறைய வைத்துவிட்டால் அது மேலே வளராது, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாக உலர்த்தலாம் என்று விளக்கினார். பேசிக்கொண்டே தன் ஃப்ரீசரில் இருந்ததையெல்லாம் எடுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டார். நோட்டுகளுக்கு நடுவே மெழுகுத்தாள் வைத்து அடுக்கி மூடினார். அதற்குப் பிறகு 7 வாரம், வாரத்துக்கு இரண்டு நோட்டு. சில பக்கங்களுக்கு ஒன்றாக உறிஞ்சுதாள் செருகி, ஈரமானதும் மாற்றி, மின்விசிறிக் காற்றில் காயவைத்து, கடைசியில் இரண்டு பலகைக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றி. ஒரு நாளும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பேனாவில் எழுதிய பக்கங்கள் நீலக் கறையாகிவிட்டன. அவை பெரும்பாலும் என் கையெழுத்து. பிள்ளைகள் எழுதியது எல்லாம் பென்சில். ஒரு எண்கூடக் கலையவில்லை. பென்சில் கரி தண்ணீரில் கரையாது. களத்தில் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

பழைய நோட்டுக்கு ஏன் இத்தனை பாடு என்று சிலர் கேட்டீர்கள். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்கக் குளத்தில் கயிறு கட்டி இறக்கும் தட்டு, 1865-இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி கடலில் இறக்கிப் பார்த்த அதே முறைதான். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தை ஒரு நாள் அளந்தால் அது வெறும் எண். அதே இடத்தில் வருடக்கணக்காக அளந்தால்தான் மேட்டில் மண் வெட்டினார்களா, கரைமரங்கள் வேர்பிடித்து வண்டலை நிறுத்தினவா என்று தண்ணீர் நமக்குச் சொல்லும். வெப்பநிலையும் அப்படித்தான். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். நாம் நட்ட நிழல் ஓடைக்கு மூச்சு கொடுத்ததா என்பதற்கு அந்த நோட்டுகளைத் தவிர வேறு சாட்சி இல்லை. வெள்ளம் கொண்டுபோன கரையை மறுபடி கட்டும்போது, எந்த நிலையை நோக்கிக் கட்டுகிறோம் என்பதும் அதில்தான் இருக்கிறது.

இனி அளந்த அன்றே ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து இரண்டு வீட்டில் வைப்பேன். பேனாவைக் கரைக்குக் கொண்டுவர மாட்டேன்.

நேற்று அந்த அம்மா கடைசி நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கோணல் எழுத்தில்: "மேஃப்ளை 1. நான்தான் முதல்ல பாத்தேன்." முன்பெல்லாம் கல்லைப் புரட்டினால் சேற்றில் செந்நிற இரத்தப்புழுக்கள் மட்டும்தான் நெளியும், ஆக்சிஜன் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கிறவை. மேஃப்ளை என்ற பூச்சியின், தண்ணீரில் வாழும் குஞ்சு அப்படியில்லை. தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போகிறவற்றில் அதுவும் ஒன்று. அன்றைக்கு நாங்கள் கத்திய கத்தல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"எனக்கும் கேட்டுச்சு," என்றார். "என்னமோ கிடைச்சிருக்குன்னு தெரிஞ்சுது. முழங்கால் விட்டிருந்தா இறங்கி வந்திருப்பேன். ஒன்பது வருஷமா ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கரைக்கு இறங்க முடியாதவர்களுக்கு ஓடையைக் கொண்டுபோக வேண்டும் என்று ஒன்பது வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

"அந்தப் பூச்சி எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

வருகிற சனிக்கிழமை காலை, வெள்ளைத் தட்டில் ஓடைத்தண்ணீரும் கல்லடியில் கிடைப்பதும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு அவர் வாசலுக்குப் போகிறோம். வெள்ளத்துக்குப் பிறகு கல்லடியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று இன்னும் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. கிடைப்பதை அவரே எண்ணட்டும். 15-ஆவது நோட்டின் முதல் பக்கத்தை அவர் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பென்சில் சீவி வைத்துவிட்டேன்.