பிபிசி காப்பகத்துக்கு: 'கேங்ஸ்டர்ஸ்' தொடரை முழுசாகக் காட்டுங்கள்

பழைய நிகழ்ச்சிகளைப் பாதுகாக்கிற, எதை மறுபடி ஒளிபரப்பலாம் என்று முடிவு செய்கிற பிபிசி காப்பகத்தார் எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள் அலமாரியில் 'கேங்ஸ்டர்ஸ்' இருக்கிறது. 1975 ஜனவரியில் 'பிளே ஃபார் டுடே' வரிசையில் தனி நாடகமாக வந்து, 1976-இல் ஆறு பகுதி, 1978-இல் இன்னும் ஆறு பகுதி என்று வளர்ந்த தொடர். எழுதியவர் பிலிப் மார்ட்டின். இங்கிலாந்து தாதா கதை என்றாலே லண்டன் கிழக்குப் பக்கம், அங்கே கோலோச்சிய கிரே சகோதரர்கள் என்றுதான் பேச்சு ஓடும், இது நடப்பது பர்மிங்ஹாமில். சிறையிலிருந்து வெளியே வரும் முன்னாள் எஸ்ஏஎஸ் (பிரிட்டிஷ் ராணுவச் சிறப்புப் படை) வீரன் கிளைன், அவன் கையால் சகோதரனைப் பறிகொடுத்த ராலின்சன், இரவு விடுதிகள், கால்வாய் ஓரங்கள், போதைமருந்து, கள்ளத்தனமாக ஆட்களைக் கொண்டுவரும் வியாபாரம். ராலின்சனாக நடித்ததும் மார்ட்டின்தான்.

இதை நான் டிவிடியில்தான் பார்த்தேன். என்னைப் பிடித்து உட்கார வைத்தது கிளைன் இல்லை, ரஃபீக். 'காந்தி' படத்தில் பட்டேலாக வந்தாரே சயீத் ஜாஃப்ரி, அவர் செய்த பாத்திரம். வெளியே சமூகத்தில் பெரிய மனிதர், கனிவான பேச்சு. உள்ளே, தன் ஊர்க்காரர்களையே காசாக்குகிறவர். இந்த மாதிரி ஆளைப் புலம்பெயர்ந்து வாழும் எந்தச் சமூகத்துக்காரரும் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்வார். இன்னொரு பக்கம் அஹ்மத் கலீல் நடித்த கான், அரசுக்காக ரகசியமாக வேலை பார்ப்பவர், கதையிலேயே ரொம்பப் புத்திசாலி. எழுபதுகளின் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் தெற்காசியர்கள் என்றால் பெரும்பாலும் சிரிப்புக்குத்தான் பயன்பட்டார்கள், இங்கே அவர்கள் திட்டம் போடுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், பயப்படுகிறார்கள், மற்ற மனிதர்களைப் போலவே.

குறை இல்லாமல் இல்லை. அதில் வரும் இனவெறி வசைகள் இன்றைக்குக் கேட்டாலும் சுடுகின்றன. பெண் பாத்திரங்களில் பலர் ஆண்களிடம் அடிபடவே எழுதப்பட்டவர்கள். அதற்காக வெட்டிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அந்த வசைகள் அந்தத் தெருக்களில் உண்மையாகவே ஒலித்தவை, அவற்றைத் துடைத்துவிட்டால் ரஃபீக்கிடம் மாட்டிக்கொண்டவர்கள் ஏன் போலீஸிடம் போகவில்லை என்பதே புரியாது. தொடக்கத்தில் இரண்டு வரி எச்சரிக்கை போதும்.

அப்புறம், 1978-இல் வந்த இரண்டாவது தொடர். தடம் புரண்டுவிட்டது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். பழைய சினிமா தொடர்கதைகள் போல கதையை ஆபத்தான கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துவது, எழுத்தாளரே திரையில் தோன்றி அந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பது என்று என்னென்னவோ செய்திருக்கிறார் மார்ட்டின். இதற்கெல்லாம் இடம் கொடுத்தவர், பர்மிங்ஹாமில் இருந்த உங்கள் பெபிள் மில் நிலையத்தில் நாடகப் பிரிவை நடத்திய டேவிட் ரோஸ். லண்டனுக்கு வெளியே இருந்ததால்தான் அந்தத் துணிச்சல் முடிந்தது என்று நான் நம்புகிறேன். அந்தக் கட்டடத்தையே 2005-இல் இடித்துவிட்டார்கள். மார்ட்டின் இல்லை, ஜாஃப்ரி இல்லை, கிளைனாக நடித்த மாரிஸ் கோல்போர்ன் 1989-லேயே போய்விட்டார்.

நான் கேட்பது இதுதான். 1975 நாடகத்திலிருந்து தொடங்கி, பன்னிரண்டு பகுதிகளையும் வரிசை மாறாமல், வெட்டாமல், நல்ல பிரதியில், வசன வரிகளோடு காட்டுங்கள். முதல் திரையிடலை பர்மிங்ஹாமிலேயே வையுங்கள். கூட்டக் காட்சிகளில் நின்ற ஆசியர்கள், படப்பிடிப்பில் வேலை பார்த்தவர்கள் எனச் சிலராவது அந்த ஊரில் இன்னும் இருப்பார்கள், அவர்களைத் தேடிப் பிடித்து, அன்றைக்கு இதைப் பார்த்துக் கோபப்பட்டவர்களையும் சேர்த்து, பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். எழுபது, எண்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். இந்த வருடமே தொடங்குங்கள்.