தீபாவளி மிச்சமும் வான்கோழி மிச்சமும்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஐப்பசி முதல் வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ கேட்டது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் கடிதம். தீபாவளிக்கு நாலைந்து குடும்பம் உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறது. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் நவம்பர் நாலாவது வியாழக்கிழமை, அமெரிக்கர்கள் வான்கோழி சமைத்து விருந்து வைக்கும் தேங்க்ஸ்கிவிங்குக்கு, மாப்பிள்ளையின் ஆபீஸ் ஆட்கள். போன வருஷம் பாதிச் சாப்பாடு குப்பைக்குப் போயிற்று, இந்த வருஷம் என்ன செய்வது என்று கேட்டாய். உன் அம்மா, "அளவாச் செய்யச் சொல்லுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அது நடக்காது. பண்டிகைக்கு அளவாகச் சமைத்த வீட்டை நான் பார்த்ததில்லை, உன் அம்மாவும் சமைத்ததில்லை. விருந்தாளி இலையில் உட்கார்ந்திருக்கும்போது கரண்டி பாத்திரத்தின் அடியைத் தட்டும் சத்தம் கேட்டால் நமக்குத்தான் முகம் வாடிப்போகும். ஆகவே மிச்சம் ஆகும். எப்படிப்பட்ட மிச்சம் என்பதைத்தான் நீ அடுப்பு பற்றவைக்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

மெஸ் நடத்திய காலத்தில் நேற்றையதை இன்றைக்கு இலையில் வைப்பதில்லை என்று உறுதியாக இருந்தேன். காசு கொடுத்துச் சாப்பிட வருகிறவனுக்கு அதைச் செய்யக் கூடாது. ஆனால் கலெக்டர் ஆபீஸ் ஆட்கள் என்றைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தேன்: பந்தி விழும் வரை எதையும் எதோடும் கலப்பதில்லை. வெந்த பருப்பு தனி, புளிக்கரைசல் தனி, வதக்கிய காய் தனி, அரைத்த தேங்காய் தனி. ஆள் வர வரக் கலந்து கொதிக்க விடுவோம். ஆள் குறைந்தால் பருப்பு பருப்பாகவே நிற்கும், எதற்கு வேண்டுமானாலும் ஆகும். சாம்பாராகிவிட்ட பருப்பு சாம்பாராக மட்டும்தான் இருக்க முடியும், அதுவும் சாயங்காலம் வரைக்கும்தான். நீயும் இப்படியே செய். மிச்சம் ஆகப்போவதைக் கலக்கும் முன்பே எடுத்து வைத்துவிடு.

முதல் எதிரி தேங்காய். நவராத்திரிச் சுண்டலில் இது உனக்கே தெரிந்திருக்கும். வேக வைத்த கொண்டைக்கடலையில் பாதியை எடுத்து ஆற வைத்து ஃப்ரிட்ஜில் போட்டுவிட்டு, மற்ற பாதிக்கு மட்டும் தாளித்துத் தேங்காய் தூவு. எடுத்து வைத்தது மறுநாள் வெங்காயம், சோம்பு, பச்சை மிளகாய் சேர்த்துக் கரகரவென்று அரைத்தால் வடை, இல்லையென்றால் புளிக்குழம்பில் போகும். தேங்காய் போட்ட சுண்டலை இரண்டுக்கும் நம்ப முடியாது. கறிக்குழம்புக்கும் இதே கணக்கு. தீபாவளி காலை இட்லிக்குத் தேங்காய் அரைத்து ஊற்றும் முன்பு பாதிக் கறியை எடுத்துவிடு. உருளைக்கிழங்கு போட்டிருந்தால் பொறுக்கி எடுத்துவிட்டு ஃப்ரீசரில் வை. உறைந்து இளகின உருளைக்கிழங்கு ஸ்பாஞ்சு மாதிரி ஆகி வாயில் வைக்கச் சகிக்காது.

நோன்பு மறுநாள் விழுகிற வருஷங்களில் இந்த ஃப்ரீசர் யோசனை இல்லாமல் நம் வீட்டில் என்ன பாடுபட்டோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில் கறி, மறுநாள் அமாவாசையில் கேதார கௌரி நோன்பு. ராத்திரிக்குள் கறியைத் தீர்த்து, பாத்திரம் கழுவி, அடுப்படியைத் துடைத்துவிட்டால்தான் பாட்டி அதிரச மாவுப் பானையைத் தொடவே விடுவார். கறி சாப்பிடுகிற அத்தனை பேருக்கும் ராத்திரி கட்டாயச் சாப்பாடு. உனக்கு அங்கே அந்த நெருக்கடி இல்லை, மூடி போட்டு ஃப்ரீசரில் தள்ளிவிடலாம். பாட்டி இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார்.

அதிரச மாவு மட்டும் நான் சொன்னதற்கு விலக்கு. அது கலந்தால்தான் நன்றாக இருக்கும், வெல்லப்பாகு அதைக் கெடவிடாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்க்க வேண்டியதில்லை. நோன்புக்கு வேண்டியதைச் சுட்டுவிட்டு மீதி மாவை நெய் தடவின டப்பாவில் வைத்து, கார்த்திகை தீபம் வரை கூட வேண்டும்போது இரண்டு இரண்டாகச் சுடலாம். இறுகினால் கொஞ்சம் பால் தெளித்துப் பிசை. சுட்ட அதிரசம் கல்லாகிவிட்டால் இட்லிப் பானையில் இரண்டு நிமிஷம் ஆவி காட்டு, இளகிவிடும். மைக்ரோவேவ் வேண்டாம், எடுத்த உடனே மெத்தென்று இருக்கும், ஆறினால் முன்னைவிடக் கடினம்.

இப்போது வடைகறி. இதை நீ யூட்யூபில் பார்த்துச் செய்ததாகச் சொன்னாய், பருப்பை அரைத்து ஆவியில் வேக வைத்து உதிர்த்தாய் என்றாய். மெனக்கெட்டு அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் வடைகறி பிறந்ததே மிஞ்சின மசால் வடைக்குத்தான். தீபாவளிக்குச் சுட்ட மசால் வடையில் பத்துப் பன்னிரண்டை மறுநாளைக்கு வை. கையால் இரண்டாக, மூன்றாகப் பிய்த்துப் போடு. தூளாக்காதே, குழம்பு சேறாகிவிடும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, சோம்பு பொரிந்ததும் வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கு, இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள். தக்காளி கரைந்து எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும் வரை பொறு, அதில்தான் ருசி இருக்கிறது. பிறகு தண்ணீர் ஊற்று. பார்த்தால் ரசம் போல இருக்கிறதே என்று உனக்குப் பயம் வரும், பரவாயில்லை. கொதி வந்ததும் வடைத் துண்டுகளைப் போட்டு இரண்டு கொதி விட்டு அடுப்பை அணைத்துவிடு. பத்து நிமிஷத்தில் வடை அந்தத் தண்ணீரையெல்லாம் குடித்து உப்பியிருக்கும். துண்டின் வெளிப்பக்கம் குழைந்து, நடுவில் ஒரு கடலைப்பருப்பு மட்டும் பல்லில் கடிபட வேண்டும், அதுதான் பதம். தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டுமானால் பரிமாறும் அளவுக்கு மட்டும் ஊற்று. உப்பு கடைசியில் பார்த்துப் போடு, வடையில் ஏற்கெனவே இருக்கிறது. மறுநாள் இட்லிக்கு இதைவிட வேறு எதுவும் வேண்டாம்.

உளுந்து வடை மிஞ்சினால் தயிர் வடை, உனக்குத் தெரியும். முறுக்கு உடைந்தால் தயிர்சாதத்துக்குப் போயிற்று. இட்லி உப்புமாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சோறு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இரு. கடை லைசென்ஸுக்காக உணவுப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வைத்தார்கள், அதில் எனக்கு உறைத்தது இதுதான். அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமியின் வித்து இருக்கும், கொதித்தாலும் சாகாது. சோற்றை வெதுவெதுப்பாக வெளியே விட்டால் முளைத்துப் பெருகி விஷத்தை உண்டாக்கும். அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் விருந்தாளி போன பிறகு பேசிக்கொண்டே உட்கார்ந்துவிடாதே. பெரிய பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் தூக்கி வைப்பதும் உதவாது, நடுச்சோறு வெகுநேரம் சூடாகவே இருக்கும். அகலமான தட்டில் பரப்பி ஆவி போனதும் சின்னச் சின்ன டப்பாவில் போடு. பழைய சோறு கதை வேறு. தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்கப் புளிக்க வைக்கிறோம், அந்தப் புளிப்புதான் காவல். உன் ஊர் குளிரில் அது சரியாகப் புளிக்காது, கோடைக்கு வைத்துக்கொள்.

2015 தீபாவளியை நீ மறந்திருக்க மாட்டாய். நவம்பர் 10ஆம் தேதி தீபாவளி, முந்தின நாள் மழை கொட்டித் தீர்த்து மாவட்டமே தண்ணீரில் நின்றது. கரண்ட் போயிற்று, ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரி. வெறும் புளிக்குழம்பை நல்லெண்ணெய் தூக்கலாக விட்டுக் காலையும் மாலையும் கொதிக்க வைத்து ஓட்டினோம். தேங்காய் அரைத்த எதுவும் அன்றைக்கே போய்விட்டது. பக்கத்து வீட்டு முறுக்கும் நம் வீட்டு அதிரசமும் தெரு முழுக்கச் சுற்றின. இப்போதும் ஐப்பசி வந்தாலே உன் அம்மா ஒரு படி புளியை எடுத்துத் தனியாகக் கட்டி வைக்கிறாள்.

சரி, வான்கோழிக்கு வருகிறேன். பெரிய பறவை என்று மலைத்துப் போகாதே. நம் பக்கமும் வளர்க்கிறார்கள், பிரியாணிக்குப் போடுகிறார்கள். ஐஸில் உறைந்ததை வாங்கினால் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளக விட வேண்டும். நாலைந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கு, பன்னிரண்டு பவுண்டுக்கு மூன்று நாள் பிடிக்கும். அந்த வாரம் மற்ற சாமானுக்கு ஃப்ரிட்ஜில் இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள். சதையின் உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறியிருக்க வேண்டும். வயிற்றுக்குள் ரொட்டித்துண்டு மசாலா அடைப்பதாகச் சொன்னாயே, அதுவும் கலக்கிற வேலைதான். தனித் தட்டில் வேக வைத்துவிடு.

சாப்பிட்டு முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து சதையைப் பிய்த்தெடுத்துவிட வேண்டும். முழுப் பறவையாக ஃப்ரிட்ஜில் உட்கார வைத்தால் மூன்றாம் நாள் அதைப் பார்க்கவே யாருக்கும் பிடிக்காது, அப்படித்தான் குப்பைக்குப் போகிறது. நெஞ்சுக்கறி ஒரு டப்பா, தொடைக்கறி ஒரு டப்பா, கிரேவி தனி, எலும்பு தனி. நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, மறுபடி கொதிக்க விட்டால் சக்கைதான். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, சோம்பு, இடித்த மிளகு வதக்கி, அணைக்கும் முன்பு கறியைப் போட்டுச் சூடேறும் வரை பிரட்டி எடு. தொடைக்கறி தாங்கும், அதைக் குழம்பாக்கு. எலும்பை ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்க விட்டு வடிகட்டினால் மிளகு ரசத்துக்கு அதைப் போலத் தண்ணீர் கிடைக்காது, சளிக்கும் நல்லது. ஃப்ரிட்ஜில் மூன்று நாலு நாள், அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்.

மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெயும் பாலும் ஊற்றும் முன்பு ரெண்டு கை எடுத்து வை, போண்டாவுக்கு ஆகும். ஊற்றிய பிறகு மிஞ்சினதைப் போண்டாவாக்கப் பார்த்தால் எண்ணெயில் பிரிந்து போகும். கிரான்பெரிப் பழத்தைச் சர்க்கரை போட்டு வேக வைக்கும் முன்பு ஒரு கிண்ணம் ஒதுக்கு. நல்லெண்ணெய், கடுகு, வெந்தயத்தூள், பெருங்காயம், மிளகாய்த்தூள் போட்டு வதக்கினால் நம் களாக்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வரும். அதை வந்தவர்களுக்கே ஒரு ஸ்பூன் வைத்துப் பார், மாப்பிள்ளை வெட்கப்பட்டாலும் பரவாயில்லை.

அரிசிக் கணக்கு கேட்டாய். மெஸ் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 150 கிராம் போடுவேன். பத்து வகை இருக்கிற விருந்தில் 75 கிராம் போதும், யாரும் சோற்றால் வயிறு நிரப்ப மாட்டார்கள். வருகிறவர்களை ஆளுக்கொரு காலி டப்பா கொண்டு வரச் சொல்லு. அங்கே அது தப்பில்லை என்று நீயே சொன்னாய். திரும்பி வருகிற டப்பாவில் எதுவும் இருக்காது என்று உன் அம்மா இப்போதே கவலைப்படுகிறாள். வெறும் பாத்திரம் திருப்பித் தரக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

எதிர்வீட்டுத் தம்பி அடுத்த வாரம் விமானம் ஏறுகிறான். தீபாவளி லேகியமும் தாளிப்பு வடகமும் அவனிடம் கொடுத்து அனுப்புகிறோம். வடகத்தை மூன்று கவரில் கட்டியும் வாசனை வெளியே வருகிறது, பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கினான், அவனுக்கு நீ ஒருநாள் சாப்பாடு போட வேண்டும். வான்கோழி எலும்பு ரசத்துக்கு அந்த வடகத்தில் ஒரு சிட்டிகை தாளித்துப் பார். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தாளி, போன தடவை மாதிரி அலாரம் அடித்து பில்டிங்கே வெளியே வந்து நிற்கப் போகிறது.

அன்புடன்,
அப்பா