ஆறு மனைவியர் கதைக்குள் மறைந்துபோன மடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் மனைவி கேத்தரினை விலக்கி ஆன் போலினை மணக்க அவர் பட்ட பாடு, போப்பாண்டவர் ஏழாம் கிளமென்ட் இசையாதது, 1534-இல் மன்னரே திருச்சபைக்குத் தலைவர் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது எல்லாம் சரியாகத்தான் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் அதன்பின் கத்தோலிக்கத் துறவிகளின் மடங்கள் கலைக்கப்பட்டதற்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் இடம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். ஆறு மனைவியரின் பெயரையும் பிள்ளைகள் வரிசையாக ஒப்பிப்பார்கள். மடங்களின் நிலம் யார் கைக்குப் போனது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். ஊரும் உழவரும் ஏழைகளும் அந்த மன்னரால் என்ன ஆனார்கள் என்று தெரிய வேண்டுமானால் அந்த ஒரு வரிக்குள்தான் நுழைய வேண்டும்.

மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1535-இல் நாடெங்கும் ஆளனுப்பித் திருச்சபையின் வரும்படி முழுவதையும் கணக்கெடுத்தார். மறு ஆண்டே, வருடத்துக்கு 200 பவுண்டுக்குக் குறைவாக வருமானம் உள்ள சிறு மடங்களை மூடச் சட்டம் வந்தது. 1539-இல் பெரிய மடங்களுக்கும் அதே கதி. 1540 மார்ச்சில் வால்தம் மடத்தோடு எல்லாம் முடிந்தது. சுமார் 800 துறவு இல்லங்கள், பல நூறு வருடங்களாக இருந்தவை, நாலே ஆண்டில் இல்லாமல் போயின. கூரையில் வேய்ந்திருந்த ஈயத்தைப் பிரித்து உருக்கினார்கள். கல்லைச் சுற்றுவட்டாரத்தார் வீடு கட்ட எடுத்துப்போனார்கள். துறவிகளை வாழ்நாளெல்லாம் சாடிய ஜான் பேல் என்ற சீர்திருத்தக்காரரே நூலகங்களுக்கு நேர்ந்ததைப் பொறுக்க முடியாமல் 1549-இல் எழுதினார்: மடத்து ஏடுகள் மெழுகுவர்த்தித் தண்டு துலக்கவும் பூட்ஸ் துடைக்கவும் போயின, மளிகைக்காரரும் சோப்பு விற்பவரும் அவற்றை வாங்கிக்கொண்டார்கள் என்று.

மக்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. கட்டுரையில் இது வராததுதான் எனக்குப் பெரிய மனவருத்தம். 1536 அக்டோபரில் லிங்கன்ஷயரின் லவுத் என்ற ஊரில் கிளர்ச்சி வெடித்தது. சில நாளில் யார்க்ஷயரும் அதற்கு வடக்கே உள்ள பகுதிகளும் எழுந்தன. ராபர்ட் ஆஸ்க் என்ற வழக்கறிஞர் தலைமையில் 30,000 பேர்போலத் திரண்டார்கள். கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் வரைந்த கொடியைப் பிடித்துக்கொண்டு, இது கலகம் அல்ல, அருளுக்கான யாத்திரை என்றார்கள். எதிரே வந்த நார்ஃபோக் பிரபுவின் படை அவர்களைவிட மிகச் சிறியது. சண்டை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. ஆனால் ஆஸ்க் மன்னரின் வாக்கை நம்பினார். பொது மன்னிப்பு உண்டு, வடக்கிலேயே நாடாளுமன்றம் கூட்டுவோம் என்று சொன்னதைக் கேட்டுக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஹென்றி அவரை அரண்மனைக்கே அழைத்துப் பேசினார். அடுத்த வருடத் தொடக்கத்தில் வேறொருவர் கிளப்பிய சிறு கலகத்தைச் சாக்காக வைத்துப் பழிவாங்கல் ஆரம்பமானது. 1537 ஜூலையில் யார்க் நகரில் ஆஸ்க் தூக்கிலிடப்பட்டார்.

சிறையில் விசாரித்தபோது மடங்களை ஏன் காக்க நினைத்தாய் என்று அவரிடம் கேட்டார்கள். அவர் சொன்ன பதிலைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும் என்பேன். வடக்கே மலையும் தரிசுமான இடங்களில் ஏழைகளுக்குப் பிச்சையிட்டது மடங்கள். வழிப்போக்கருக்குத் தங்க இடம் தந்ததும் அவைதான். கடலோரக் கரைகளையும் பாலங்களையும் சாலைகளையும் பேணியது அவை. பெண் பிள்ளைகள் கன்னியர் மடங்களில் வளர்ந்தார்கள். இப்போது அந்த வருமானமெல்லாம் தெற்கே போய்விடுகிறது, வடக்கில் பணப்புழக்கமே இருக்காது என்றார். பக்தியும் பஞ்சமும் அந்தப் பதிலில் பின்னிக் கிடக்கின்றன. அது மதக் கலகமா, வயிற்றுக் கலகமா என்று பிரித்துக் கேட்பதே தவறு என்று எனக்குத் தோன்றுகிறது.

மடங்கள் எல்லாம் புனிதமாக இருந்தன என்று நான் சொல்லவரவில்லை. பல இடங்களில் நாலைந்து துறவிகள்தான் மிச்சம். அன்னதானத்துக்குப் போனது வருமானத்தில் சிறு பங்குதான். மேய்ச்சல் நிலத்தை வேலி போட்டு வளைத்துக்கொண்ட மடாதிபதிகளும் உண்டு. சரி, சீர்திருத்தம் தேவைதான். ஆனால் அந்தச் சொத்து ஏழைக்கும் பள்ளிக்கும் திரும்பியதா? ஒரு துளிதான் திரும்பியது. பிரான்ஸோடும் ஸ்காட்லாந்தோடும் ஹென்றி நடத்திய போர்களுக்குப் பணம் வேண்டியிருந்ததால் நிலங்கள் விற்கப்பட்டன. 1547-இல் அவர் இறப்பதற்குள் பாதிக்கு மேல் கைமாறிவிட்டது. வாங்கியவர்கள் அரசவைக்காரர்கள், வக்கீல்கள், வணிகர்கள், உள்ளூர் நிலக்கிழார்கள். வோபர்ன் மடம் அந்த வருடம் ரஸ்ஸல் குடும்பத்துக்குப் போனது, இன்றைக்கும் அவர்கள் வாரிசுகளிடம்தான் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்திருந்த மடாதிபதிகளும் போனார்கள். ஆயர்களும் மடாதிபதிகளும் சேர்ந்து வைத்திருந்த பெரும்பான்மை அன்றோடு போனது, பிறகு திரும்பவேயில்லை.

இப்படி நிலம் வாங்கியவர்களின் பலம் என்ன என்பதை ஹென்றியின் மகள் மேரி கண்டுகொண்டார். 1553-இல் அரியணை ஏறிய அவர் நாட்டை மறுபடி கத்தோலிக்கத்துக்குக் கொண்டுவந்தார். லத்தீன் பூசை திரும்பியது, போப்பாண்டவரின் அதிகாரம் திரும்பியது. நிலம் மட்டும் திரும்பவில்லை. வாங்கியவர்களிடமே இருக்கட்டும் என்று ரோமே ஒப்புக்கொண்ட பிறகுதான் நாடாளுமன்றம் இசைந்தது. அந்த நிலத்தில் கத்தோலிக்கர்களும் பங்கு வாங்கியிருந்தார்களே! மேரி தன் செலவில் வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற சில மடங்களை மட்டும் மீண்டும் நிறுவினார். அவருக்குப் பின் தங்கை எலிசபெத் அரியணைக்கு வந்ததும் அவையும் போயின.

ஏழைகள் விஷயம் இன்னும் கசப்பானது. மக்கள்தொகை பெருகியது, விலைவாசி ஏறியது, பொது நிலங்கள் வேலி போட்டு வளைக்கப்பட்டன. வேலையில்லாமல் அலைந்தவர்கள் பெருகினார்கள். இதற்கெல்லாம் மடங்கள் போனதே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் தட்டுவதற்கு ஒரு கதவு குறைந்துவிட்டது. 1547-இல் வந்த சட்டம் அப்படி அலைபவரின் உடம்பில் சூடு போட்டு இரண்டு வருடம் அடிமையாக்க அனுமதித்தது. அமல்படுத்த முடியாமல் மூன்றே வருடத்தில் அதைக் கைவிட்டார்கள். அப்புறம் படிப்படியாகப் பங்குதோறும், அதாவது ஊர்க் கோயில் வட்டாரம்தோறும், வரி வசூலித்து ஏழைகளைத் தாங்கும் முறை உருவாகி, 1601-இல் முழுச் சட்டமாக நிலைத்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மடம் மூடப்பட்ட ஆண் துறவிகளில் பலர் ஊர்க் கோயில்களில் பாதிரியார் ஆனார்கள். கன்னியாஸ்திரிகளுக்கு அந்த வழி இல்லை. பெரிய மடங்களிலிருந்து வந்த துறவிக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டுபோல ஓய்வூதியம் கிடைத்தது. பெண்களில் பலருக்கு அதில் பாதிதான். மடத்திலிருந்து வெளியே அனுப்பியதும் அரசு, 1539-இல் போட்ட சட்டத்தில் கற்பு நேர்ச்சையை மீறி மணம் செய்யக் கூடாது என்று தடுத்ததும் அதே அரசு. வீடும் போய், குடும்பம் அமைக்கவும் வழியில்லாமல் நின்ற அந்தப் பெண்கள் எங்கே போனார்கள், யாரோடு வாழ்ந்தார்கள்? ஹென்றியின் ஆறு மனைவியருக்குக் கொடுத்த பக்கங்களில் ஒன்றையாவது அடுத்த இதழில் அவர்களுக்குத் தாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை